பொதுக் கோவையில் போட்ட பன்னிரண்டு கடிதங்கள்

பதிவுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். விடுமுறை விதிகளையும், பைல் என்று நாம் சொல்லும் கோவைகளின் இலக்கங்களையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறது; வாசித்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பொறாமை. அது எனக்கு இருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நான் பதிவாளராக இருந்தது மாங்குளத்துக்கு அப்பால், பெரிய வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சிறிய பட்டப்படிப்பு நிறுவனத்தில். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்தின் நன்கொடையிலும் மாணவர் கட்டணத்திலும் ஓடியது. ஊரில் எல்லோரும் கம்பஸ் என்பார்கள். ஓய்வு வயது வந்த பிறகும் வருடத்துக்கு வருடம் எனக்குச் சேவை நீடிப்புத் தந்தார்கள். நான் இல்லாவிட்டால் அந்த இடம் ஓடாது என்று நம்பியிருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள் என்பதும் என் நம்பிக்கை.

என் அறைக்குக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு நேரே மாணவர்கள் வந்து நிற்கும் யன்னல். அந்த யன்னலுக்கு உள்ளே இருந்தவர் ஜெனிற்றா என்ற எழுதுவினைஞர். முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. தகப்பன் கடல் தொழில் செய்தவர்; பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததோடு வீட்டில் இருந்துவிட்டார். ஜெனிற்றாவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, தங்கச்சியும் படித்தாள். ஆறு வருடமாக ஒப்பந்த அடிப்படையில் இருந்தார். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி வருவார். அந்த பஸ் அடிக்கடி பழுதாகும். அப்போது பிந்தி வருவார்.

அவருடைய யன்னலில் எப்போதும் ஆட்கள். பரீட்சை விண்ணப்பம் கொடுக்க வந்தவன் வீட்டுப் பிரச்சினையையும் சொல்லிவிட்டுப் போவான். யாருக்குத் தகப்பன் இல்லை, யார் இரண்டு பஸ் மாறி வருகிறாள், யாருக்குக் கட்டணம் பிந்தும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் கதவைத் தட்டும் பிள்ளைகள் மூன்றடி தள்ளி நின்று, “சேர், மிஸ் உங்களிட்டக் கையெழுத்து வாங்கச் சொன்னவா” என்பார்கள். நான் கையெழுத்து. அவர்தான் மிஸ். கண்ணாடிக்குள்ளால் இதை ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. அப்போது அதற்கு நான் வைத்திருந்த பெயர் ஒழுங்கு. யன்னலில் கூட்டம் கூடுவது ஒழுங்கில்லை என்று இரண்டு முறை அறிவித்தல் ஒட்டினேன். அறிவித்தலை வாசிப்பதற்கும் யன்னலில் கூட்டம் கூடியது.

ஜெனிற்றா வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே ஒருநாள் செட்டிகுளத்திலிருந்து ஒரு தாய் ஒரு பை நிறைய வறுத்த கச்சான் கடலையோடு வந்தார். படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகவிருந்த மகனை ஜெனிற்றா பேசிப் பேசித் திரும்பக் கூட்டிவந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஜெனிற்றா யன்னலில் இல்லை. தாய் நேரே என் அறைக்கு வந்தார். நான் கழுத்துப்பட்டியோடு பெரிய மேசைக்குப் பின்னால் இருக்கிறேன்.

“தம்பி, அந்தப் பிள்ளை எங்கை?”

“சாப்பிடப் போயிட்டா. என்ன விசயம்?”

“இதை அவாட்டக் குடுத்துவிடுறியளே. நீங்கள் அவாவுக்குக் கீழதானே வேலை செய்யிறனீங்கள்.”

பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு ஜெனிற்றா அந்தக் கச்சானில் ஒரு தட்டு நிறைய எனக்குக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. கச்சான் என்றால் எனக்கு உயிர். பின்னேரம் சிற்றூழியர் வந்து தட்டை எடுத்துப் போகும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை அந்தத் தாய் மகனைக் கொண்டு ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். நாளைக்கு உங்கள் மேசைக்கும் இப்படிக் கடிதம் வரும்.

தபாலில் வரும் கடிதத்தைப் பதிவாளர் வாசித்து, வலது பக்க மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் அது எந்தக் கோவைக்குப் போகவேண்டும் என்று எழுதி, கீழே சுருக்கொப்பம் வைப்பார். எழுதுவினைஞர் அதைப் பார்த்து அந்தக் கோவையில் போடுவார். ஓர் ஊழியரைப் பற்றி வந்த கடிதம் என்றால் மூலையில் ‘சு.கோ.’ என்று எழுதவேண்டும். அதாவது அந்த ஊழியரின் சுயவிபரக் கோவை. எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. எனக்கு நன்றாகவே தெரியும், மற்றவர்களுக்குப் படிப்பித்ததே நான்தான்.

அந்தத் தாயின் கடிதத்தில் ‘ஜெனிற்றா மிஸ்’ என்று ஐந்து இடத்தில் இருந்தது. பதிவாளர் என்ற சொல்லே இல்லை. பேனாவைத் திறந்து மூலையில் ‘பொது’ என்று எழுதினேன். பொதுக் கோவை என்பது விளம்பரத் துண்டு, திருவிழா அழைப்பிதழ், காலண்டர் கொம்பனிக் கடிதம் எல்லாம் போகும் இடம். இந்தப் பாராட்டு உண்மையில் நிறுவனத்துக்குத்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்யும் எழுதவில்லை. எந்தக் கணக்காய்வாளரும் பிழை பிடிக்க முடியாது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. பழைய மாணவி எழுதினாள், ‘பொது’. நன்கொடையாளர் ஒருவர் வந்துபோய் எழுதினார், ‘பொது’. பஸ் பழுதான நாட்களில் ஜெனிற்றா பிந்தி வந்ததற்கு எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதங்கள் மட்டும் ஒன்றும் தவறாமல் ‘சு.கோ.’ அதில் நான் மிகவும் நேர்மையாக இருந்தேன்.

போன வருடம் நிறுவனத்துக்கு நெருக்கடி வந்தது. வெளிநாட்டு நன்கொடை குறைந்தது. ஓர் ஊழியரை வைத்திருப்பதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டவேண்டிய வரியும் பங்களிப்பும் ஏறிக்கொண்டே போயின. மாணவர் கட்டணத்தைக் கூட்ட வழியில்லை, வன்னியில் யாரிடம் கூட்டுவது. கல்விசாரா ஊழியரில் ஒன்பது பேரை நிறுத்துவது என்று நிருவாக சபை முடிவெடுத்தது. பட்டியல் தயாரிப்பது பதிவாளர் வேலை.

முகத்தைப் பார்த்துப் பட்டியல் போடக்கூடாது, புள்ளி போடுவோம் என்று சொன்னவன் நான். சேவைக் காலத்துக்கு இத்தனை, தகுதிக்கு இத்தனை, செயற்பாட்டுக்கு இத்தனை. செயற்பாட்டைச் சுயவிபரக் கோவையில் இருப்பதை வைத்து மட்டுமே பார்க்கவேண்டும், வாய்க்கதைக்கு இடமில்லை. சபை என்னைப் பாராட்டியது. பக்கச்சார்பில்லாத ஆள் என்று ஒருவர் சொன்னார். அன்றிரவு நல்ல நித்திரை.

மூன்று நாள் இருந்து புள்ளி போட்டேன். ஒன்பதாவது பெயர் ஜெனிற்றா. பாராட்டு ஒன்றுமில்லை, பிந்தி வந்ததற்கான விளக்கக் கடிதம் ஏழு. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழையில்லை. எனக்கு அப்போது கவலை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யன்னல் இனி அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

சபை வெள்ளிக்கிழமை. வியாழன் காலை நிறுவனத்தின் பணிப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் கதைக்காத மனிதர்.

“ஜெனிற்றாவோ?”

“புள்ளி அப்பிடி வருது சேர்.”

“அந்தப் பிள்ளையின்ர பைல் இவ்வளவு மெல்லிசோ?”

“பைலில உள்ளதுதான் சேர்.”

அவர் கோவையை மூடி என்னிடம் தந்தார். மெல்லிசோ என்று அவர் கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. அறைக்கு வந்து அலுமாரியைத் திறந்து, ஏன் என்று தெரியாமலே என் சொந்தக் கோவையை எடுத்தேன். நியமனக் கடிதம், சம்பள ஏற்றம், லீவு, நீடிப்புக் கடிதங்கள். நல்ல தடிப்பு. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். என்னைப் பற்றி ஒரு மனிதர் நல்லதாக எழுதிய ஒரு துண்டு அதில் இல்லை. யாரும் பிழையான கோவையில் போட்டதாலும் அல்ல. வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. வெட்கத்துக்கு முன்னால் இன்னொரு முறை எரிச்சலும் வந்தது.

மதியத்துக்குப் பிறகு ஜெனிற்றாவைக் கூப்பிட்டேன். பட்டியல் இருக்கிறது என்பது கம்பஸில் எல்லோருக்கும் தெரியும். யார் பெயர் இருக்கிறது என்பது தெரியாது. ஒரு கிழமையாக ஆட்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னார்கள்.

“பொதுக் கோவையை ஒருக்காக் கொண்டு வாங்கோ.”

கொண்டுவந்தார். நான் முதலில் இருந்து புரட்டத் தொடங்கினேன். அழைப்பிதழும் விளம்பரமுமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், “தாங்கோ சேர்” என்று வாங்கி, ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. தேடவே இல்லை. எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

“பன்ரெண்டு கிடக்கு சேர்.”

கோவையில் கடிதம் போடுவது ஜெனிற்றாவின் வேலை என்பதை நான் ஆறு வருடமாக மறந்திருக்கிறேன். இல்லை, மறக்கவில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் இருந்திருக்கிறேன். தன்னைப் பற்றி வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவர் வாசித்து, மூலையில் என் சிவப்பு எழுத்தைப் பார்த்து, காலண்டர் கொம்பனிக் கடிதத்துக்கு மேல் வைத்துக் கட்டியிருக்கிறார்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?”

“நானே போய் என்னைப் பற்றி நல்ல கடிதம் வந்திருக்கு எண்டு எப்பிடிச் சேர் சொல்லுறது?”

“ஆறு வருசம்.”

“முதல் கடிதத்தில சேர் யோசிக்காமல் எழுதிப்போட்டியள் எண்டு நினைச்சன். மூண்டாவதில விளங்கீட்டுது.” கடிதங்களின் ஓரத்தைத் தட்டி ஒழுங்காக்கினார். “ஒரு நாள் சேர் மாத்துவியள் எண்டு இருந்தன். நாளைக்குச் சபை எண்டு சொல்லுகினம். என்ர பேர் கிடக்கோ சேர்?”

மேசையில் கிடந்த பட்டியல் பிரதியைக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு அது போதும். “அப்பாட்ட என்னெண்டு சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை” என்றார். பிறகு யன்னலுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே நான்கு பேர் நின்றார்கள். அவர்களோடு வழமைபோலவே கதைத்தார். அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜெனிற்றாவின் கோவையையும் பொதுக் கோவையையும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றுதான் போனேன். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து வசனம் அமைத்திருந்தேன். நிருவாகத்தில் நீண்ட காலம் இருந்தவனுக்கு ஆள் இல்லாமல் வசனம் எழுத வரும். நீங்களும் பழகிவிடுவீர்கள். ஒன்பதாவது பெயர் வந்ததும் எழுந்து சொன்னேன்: “இவர் தொடர்பான பன்னிரண்டு பாராட்டுக் கடிதங்கள் தவறுதலாக வேறு கோவையில் இடப்பட்டுள்ளன.”

இடப்பட்டுள்ளன. யார் இட்டது என்பது வசனத்தில் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவரையும் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சபையில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர். “உங்கட பிரிவில ஆர் பைல் போடுறது?” என்று கேட்டார்.

“எழுதுவினைஞர்.”

“எந்த எழுதுவினைஞர்?”

“ஜெனிற்றா.”

அவர் சிரித்தார். “தனக்கு வந்த கடிதத்தையே ஒழுங்கான பைலில போடத் தெரியாத ஆளையோ நாங்கள் வைச்சிருக்கிறது? பதிவாளர், உங்கட பட்டியல் சரியாத்தான் இருக்கு.” மற்றவர்களும் சிரித்தார்கள். பணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவால் ஒன்பதாவது பெயருக்கு நேரே சரி போடக் குனிந்தார்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மனச்சாட்சி வந்து என்னைத் தட்டி எழுப்பியது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. என் பதிவறையில் கடிதம் பிழையான கோவையில் போகிறது என்று ஒரு வெளியாள் சிரிக்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஜெனிற்றா ஒரு நாளும் ஒரு கடிதத்தையும் பிழையாகப் போட்டதில்லை. எனக்கு அது தெரியும். அவரை எனக்குப் பிடிக்காமல் இருந்ததே அவர் வேலையில் பிழை கிடைக்காததால்தான்.

“பொறுங்கோ” என்றேன். பொதுக் கோவையைத் திறந்து, மேலே வைத்திருந்த பன்னிரண்டு கடிதங்களையும் அவர்கள் பக்கம் திருப்பினேன். “அவா சரியாத்தான் போட்டவா. நான் எழுதினபடி போட்டவா. மூலையைப் பாருங்கோ, என்ர கையெழுத்து. பன்ரெண்டிலும் நான்தான் எழுதினனான்.”

வங்கிக்காரர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?” பணிப்பாளர் கேட்டார்.

கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம். வேலைப்பளு என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு தரம் கவனக்குறைவு வராது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கு அவாவில எரிச்சல்” என்றேன்.

அறுபது கடந்த மனிதன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்று, தன் மகள் வயதுப் பிள்ளையில் எரிச்சல் என்று சபையில் சொன்னால் அதற்கு யார் என்ன சொல்ல முடியும். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார்கள். கடிதங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஜெனிற்றா பட்டியலில் வரமாட்டார் என்றார்கள். ஆனால் ஒன்பது ஒன்பதுதான். அந்த ஒன்பதாவது இடத்துக்கு என் சேவை நீடிப்பை எடுத்துக்கொண்டார்கள். பணிப்பாளர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி சேர் என்றேன். நான் ஓய்வு பெற்ற கதை இதுதான். வயது காரணம் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். மற்ற எட்டுப் பேரும் போனார்கள். அவர்களைப் பற்றி வந்த கடிதம் ஏதாவது பொதுக் கோவையில் கிடந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பிடிக்காதவர்கள் கடிதத்தை மட்டும்தான் அங்கே போட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த எட்டுப் பேரில், ஆய்வுகூடத்தில் இருந்த ஒருவர் ஸ்கந்தபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். வாய்க்கால் கரையில் கண்டால் நான்தான் முதலில் சைக்கிளைத் திருப்புவேன்.

சபையில் நடந்தது ஜெனிற்றாவின் காதுக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை தேத்தண்ணியை என் மேசையில் வைத்துவிட்டு, “கேள்விப்பட்டன் சேர்” என்றார். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்றால் எனக்கு மூளை இல்லை. எதிர்பார்த்தேன்.

என் பிரியாவிடைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. எத்தனையோ மாணவர்கள், பழைய மாணவர்கள்கூட. செட்டிகுளத்துத் தாயும் வந்திருந்தார். ஒரு சுவர்மணிக்கூடு தந்தார்கள். இத்தனை பேருக்கு என்னில் அன்பா என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே வரும்போது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்வது கேட்டது: “மிஸ் எல்லாருக்கும் போன் எடுத்து வரச் சொன்னவா, சேர் பாவமெண்டு.” மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கும் எரிந்தது.

ஆகவே பிள்ளைகளே, பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அது வரும். பக்கத்து மேசைக்காரரை நாலு பேர் தேடி வந்தால் உங்களுக்கும் வரும். வந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அந்த நேரத்தில் மட்டும் பேனாவைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்துக் கம்பஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஜெனிற்றா ஆறு வருடத்தில் செய்த வேலையை ஒவ்வொன்றாக எழுதினேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. பொறாமைக்காரனைப் போல ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நாலு பக்கம் வந்தது. முடித்த பிறகு பழைய சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, வலது பக்க மூலையில் ‘சு.கோ.’ என்று எழுதி, சுருக்கொப்பமும் வைத்துத் தபாலில் போட்டேன்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது.

“சேர், ஜெனிற்றா கதைக்கிறன். உங்கட கடிதம் வந்தது.”

“ஓம்.”

“மூலையில நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறியள். வெளி ஆக்கள் அதில எழுதேலாது சேர். சேர்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்.”

“புதுப் பதிவாளர் என்ன சொன்னவர்?”

“சிரிச்சுப்போட்டு, உங்கட ஒப்பத்துக்குக் கீழ தானும் ஒண்டு வைச்சவர். நான் போட்டிட்டன்.”

“எத்தினையாவது?”

“பதின்மூண்டு.”

என் கோவையில் எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை.